எங்கள் கராத்தே எங்களைக் காக்குமா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அப்படியானால் மைதானத்தில் கற்கும் கராத்தே தெருவில் உதவுமா? இந்தக் கேள்வி எங்களுக்கு வகுப்பறையில் பிறக்கவில்லை. ஒரு மாலை நேரப் பேருந்தில் பிறந்தது.

வாரத்தில் இரண்டு நாட்கள் பள்ளி முடிந்ததும் நாங்கள் கராத்தே பழகுகிறோம். வெள்ளை உடை அணிந்து, வரிசையாக நின்று, மாஸ்டர் எண்ண எண்ணக் குத்துகிறோம், உதைக்கிறோம். ஆண்டு விழாவில் நாங்கள் ஓடுகளை உடைத்தபோது பெற்றோர் கைதட்டி மகிழ்ந்தனர். எங்களுள் மூவர் போட்டிகளில் பதக்கமும் பெற்றோம். இனி எங்களை அசைக்க யாரால் முடியும் என்று இறுமாந்திருந்தோம்.

அந்த இறுமாப்பு ஒரே நாளில் அடங்கியது. பயிற்சி முடிந்து வீடு திரும்புகையில், பேருந்துக் கூட்டத்தைச் சாக்காக வைத்து ஒருவன் எங்களுள் ஒருத்தியிடம் தகாத முறையில் நடந்துகொண்டான். எங்கள் பையில் பச்சை பெல்ட் இருந்தது. தொண்டையில் குரல் இல்லை. அவள் ஒதுங்கினாள், நாங்கள் தலை குனிந்து நின்றோம். பின் இருக்கையிலிருந்த பூக்கார அம்மாதான், “யாருய்யா அது? கையை எடு! கண்டக்டர், வண்டியை நிறுத்துங்க!” என்று பேருந்தே அதிரச் சத்தமிட்டார். அடுத்த நிறுத்தத்தில் அவன் இறங்கி மறைந்தான். அந்த அம்மா எந்த மாஸ்டரிடமும் பயின்றவர் அல்லர்.

அப்படியானால் எங்கள் பயிற்சியெல்லாம் வீண்தானா? மறுநாள் இடைவேளையில் இரு கட்சிகளாகப் பிரிந்து வாதிட்டோம்.

வீண் என்ற கட்சியினர் டோக்கியோ ஒலிம்பிக்கை எடுத்துக்காட்டினர். 2021இல் நடந்த அந்த விழாவில்தான் கராத்தே முதன்முறையாக இடம்பெற்றது. 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆடவர் இறுதிப் போட்டியில் சவூதி அரேபியாவின் தாரிக் ஹமேதி 4-1 என்று முன்னணியில் இருந்தார். அப்போது அவர் ஓங்கி விட்ட உதையில் ஈரான் வீரர் சஜாத் கஞ்ஜாதே நினைவிழந்து விழுந்தார். தங்கம் யாருக்கு? விழுந்தவருக்கே! கட்டுப்பாடின்றித் தாக்கினார் என்று ஹமேதி தகுதி நீக்கம் செய்யப்பட்டார். விதி தவறன்று, வீரர்களின் உயிரைக் காக்க அது தேவை. ஆனால் அடியை அளந்து நிறுத்தவே பழகிய கை, ஆபத்து வேளையில் மட்டும் வேறு விதமாக வேலை செய்யுமா? தெருவில் நடுவர் இல்லை, வணக்கம் சொல்லித் தொடங்குவாரும் இல்லை என்றனர் அவர்கள்.

மறு கட்சியினர் ஜூடோவின் தந்தை ஜிகோரோ கானோவைத் துணைக்கு அழைத்தனர். 1882இல் டோக்கியோவில் கோடோகான் என்னும் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கிய அவர், உயிருக்கு ஆபத்தான அடிகளைத் தனியே ஒதுக்கினார். எஞ்சிய பிடிகளை, விட்டுக்கொடுக்காமல் எதிர்க்கும் தோழனோடு முழு பலத்துடன் பழகச் செய்தார். கொடிய அடியைக் காற்றில் ஆயிரம் முறை வீசுவதைவிட, எளிய பிடியை எதிர்ப்பவர்மீது நூறு முறை முயல்வதே பலன் தரும் என்பது இதன் பொருள். ஜூடோ வீரர் மிட்சுயோ மயேதா 1914இல் பிரேசிலுக்குச் சென்றார். அவர் வழி வந்த கலையைக் கற்ற ராய்ஸ் கிரேசி, 1993இல் அமெரிக்காவின் டென்வர் நகரில், விதிகள் மிகக் குறைந்த போட்டியொன்றில் தம்மினும் பெரிய உடலினரையும் பிடித்து வென்றார். ஆகவே பயிற்சி வீணன்று. எதிர்ப்பில்லாத பயிற்சியே வீண் என்றனர்.

இரு கட்சியிலும் உண்மை உண்டு. ஆயினும் பேருந்தில் எங்களுக்கு இல்லாமற் போனது உதையுமன்று, பிடியுமன்று. “கையை எடு” என்ற இரண்டே சொற்கள். அவற்றை நாங்கள் ஒரு நாளும் பழகியதில்லை. பழகாதது பதற்றத்தில் எப்படி வரும்?

இதற்குச் சான்றும் உண்டு. கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 மாணவியரிடம் நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு 12 மணி நேரப் பயிற்சி. மற்றவர்களுக்குச் சிற்றேடுகள் மட்டும். ஆபத்தின் அறிகுறிகளை உணர்வது, தெரிந்தவரே ஆனாலும் தயங்காமல் மறுப்பது, குரல் எழுப்புவது, தேவையானால் உடலால் எதிர்ப்பது ஆகியவை அப்பயிற்சியில் இடம்பெற்றன. ஓராண்டில் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவர்கள், பயிற்சி பெறாதவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேர். பயிற்சி பெற்றவர்களில் 5 பேர். பன்னிரண்டே மணி நேரம், தோழியரே! நாங்கள் ஓடு உடைக்கப் பழகிய நேரம் இதைவிட அதிகம்.

ஒன்றை மறவாதிருப்போம். வாயடைத்து நின்றவள்மீது குற்றமில்லை. குற்றமெல்லாம் கை நீட்டியவனுடையதே. எந்தப் பயிற்சியும் எல்லா ஆபத்தையும் தடுக்காது. அத்தகைய வேளையில் நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் சொல்வதும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைப்பதும் கோழைத்தனம் ஆகா.

கராத்தே எங்களுக்கு உடல் வலிமையும் ஒழுங்கும் தந்தது. அதை விட மாட்டோம். எங்கள் வேண்டுகோள் சிறியது. ஒவ்வொரு வகுப்பிலும் கடைசிக் கால் மணி நேரத்தை ஒதுக்குங்கள். அப்போது தோழி மணிக்கட்டைப் பிடித்தால் எளிதில் விடக் கூடாது. நாங்கள் உண்மையாகவே விடுவித்துக்கொண்டு ஓட வேண்டும். “தள்ளி நில்” என்று மைதானத்தின் மறுகோடி வரை கேட்கக் கத்த வேண்டும். “பெண் பிள்ளை சத்தம் போடலாமா” என்று கேட்டு வளர்ந்த எங்களுக்கு, ஓடு உடைப்பதைவிட இதுவே கடினம்.

அடுத்த ஆண்டு விழாவில் ஓடுகள் உடையாமற் போனாலும் போகட்டும். அடுத்த முறை அந்தப் பேருந்தில் பூக்கார அம்மா எழுந்து சத்தமிடுவதற்கு முன், எங்கள் குரல் கேட்க வேண்டும்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி