வேலிப் பொட்டு

மல்வேர்னில் நான் வசிக்கும் தொடர்மாடிக் கட்டடத்தின் லிப்ற் வாயிலில், சில காலத்துக்கு முன் ஒரு காலைப் பொழுதில், இளந்தாய் ஒருவரைக் கண்டேன். இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை. கையைப் பற்றியபடி மூன்று வயதுச் சிறுவன். வெளியே செல்லும் கோலத்தில் நின்றவர், மீண்டும் மேல்மாடிக்கே செல்ல ஆயத்தமானார்.

“என்ன பிள்ளை, பஸ்ஸை விட்டிட்டீரோ?” என்று கேட்டேன்.

“இல்லை ரீச்சர். பிள்ளையளைப் பார்க்கிறன் எண்டு சொன்ன அக்காவை இண்டைக்கு வேலைக்குக் கூப்பிட்டிட்டினம். இது மூண்டாந்தரம். இனி எனக்குத் திகதி தருவினமோ தெரியாது” என்றார்.

அவர் தவறவிட்டது மனநல வைத்தியர் ஒருவருடனான சந்திப்பை. குடும்ப வைத்தியர் கடிதம் கொடுத்து, மாதக்கணக்கிற் காத்திருந்து கிடைத்த திகதி அது. 2009ஆம் ஆண்டு வன்னியில் பதின்ம வயதுச் சிறுமியாக இருந்த அவர், எதையெல்லாம் கண்டிருப்பார் என்பதை இப்பத்தியின் வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. கணவருக்கு ஏஜென்சி மூலம் கிடைத்த தொழிற்சாலை வேலை. ஒரு நாள் நின்றால் அன்றைய சம்பளம் இல்லை. இரண்டு நாள் நின்றால் மறு அழைப்பே இல்லை. தாயும் மாமியும் ஊரில்.

முதன்முறை பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொண்டே சென்றிருக்கிறார். வைத்தியர் பரிவானவர், மொழிபெயர்ப்பாளரும் வந்திருந்தார். “இரவில் நித்திரை வருகிறதா?” என்று வைத்தியர் வினவ, “வருகிறது” என்று பதிலளித்திருக்கிறார். “ஏன் பிள்ளை அப்படிச் சொன்னீர்?” என்றேன். “மகன் என்ரை முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறான் ரீச்சர். அவனுக்கு முன்னாலை அதை எப்பிடிச் சொல்லுறது?” என்றார்.

அந்த வினாவே இவ்வாரம் என்னை எழுத வைத்தது. (அவரது அனுமதியுடன், அடையாளங்களைத் தவிர்த்தே எழுதுகிறேன்.) பிள்ளையைப் பார்க்க ஆளில்லாத தாய்க்கு இரண்டு வழிகளே எஞ்சுகின்றன. ஒன்று, வைத்தியரிடம் செல்லாதிருத்தல். மற்றையது, சென்றும் உண்மையைச் சொல்லாதிருத்தல். இரண்டின் முடிவும் ஒன்றே.

போர் கண்டவர்க்கு இத்தொல்லை உண்டு என்பதை ஓர் அரசு சட்டமாகவே ஏற்றுக்கொண்டுள்ளது. அமெரிக்காவில், முன்னாள் படையினருக்கான மருத்துவ சேவைகள் குறித்து 2010ஆம் ஆண்டு மே மாதம் நிறைவேறிய சட்டமொன்று, அவர்கள் வைத்தியரைச் சந்திக்கும் வேளையிற் பிள்ளைகளைப் பராமரிக்கும் பரீட்சார்த்தத் திட்டமொன்றுக்கு வழிசெய்தது. 2011ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் முதல் நிலையம் திறக்கப்பட்டது. நயாகராவுக்கு அப்பால், எம்மிடமிருந்து இரண்டு மணித்தியாலக் கார்ப் பயணத் தூரத்தில் உள்ள நகரம் அது. மனநலச் சிகிச்சை பெறுவோரும் தீவிர மருத்துவ சிகிச்சை பெறுவோருமே முதன்மையாகக் கருத்திற் கொள்ளப்பட்டனர். 2021ஆம் ஆண்டு ஜனவரியிற் கையொப்பமான சட்டம் அத்திட்டத்தை நிரந்தரமாக்கி, ஐந்தாண்டுகளுக்குள் நாடெங்கும் விரிவுபடுத்தப் பணித்தது.

படைக்குச் சென்று திரும்பியவருக்கு ஓர் அரசு கடன்பட்டிருக்கிறது, ஆகவே கொடுக்கிறது. படைகளுக்கு நடுவே அகப்பட்டவருக்குக் கடன்பட்டவர் எவருமில்லை. ஆயினும், உடலில் ஏறிய எறிகணைச் சிதறலுக்கும், நள்ளிரவில் வரும் கனவுக்கும், சீருடை அணிந்தவர், அணியாதவர் என்ற பேதம் தெரிவதில்லை.

இது படையினர்க்கு மாத்திரம் உரிய ஏற்பாடும் அன்று. டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில், பார்க்லண்ட் வைத்தியசாலை வளாகத்தில், நோயாளரின் பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்றே 2020ஆம் ஆண்டில் தொண்டு நிறுவனமொன்று ஒரு நிலையத்தைத் திறந்தது. எமது ரொறன்ரோவிலே, ‘நானி ஏஞ்சல் நெற்வேர்க்’ என்னும் தொண்டமைப்பு, புற்றுநோயுற்ற தாய்மாரின் பிள்ளைகளைக் கட்டணமின்றிப் பராமரிக்கும் பணியைச் செய்து வந்துள்ளது. புற்றுநோய்ச் சிகிச்சையிலிருக்கும் எம் சகோதரிகள் இதைப் பற்றித் தம் தாதியரிடம் விசாரித்தறிதல் நன்று.

இனி, எம்மவர்க்கு இங்கே கிடைப்பதென்ன? 1992ஆம் ஆண்டு தொடங்கிய லிங்க் ஆங்கில வகுப்புகளுக்குச் செல்லும் தாய்மாருக்காக, வகுப்பு நடைபெறும் இடங்கள் பலவற்றிற் குழந்தைப் பராமரிப்பையும் மத்திய அரசு ஏற்படுத்தியது. ஆங்கிலம் கற்கும் தாய்க்குப் பிள்ளை பார்க்க ஆள் வேண்டும் என உணர்ந்த அதே அரசு, வைத்தியரிடம் செல்லும் தாய்க்கும் அது வேண்டும் என இன்னும் உணரவில்லை. அகதிக் கோரிக்கை விசாரணையில் இருப்போருக்கோ அவ்வகுப்புகளிலும் இடமில்லை.

ஒன்ராறியோவின் ஏர்லிஓன் நிலையங்கள் கட்டணமற்றவை; ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு உகந்தவை. ஆனால் பெற்றாரோ, பிள்ளையைப் பார்ப்பவரோ கூடவே இருத்தல் வேண்டும். விட்டுச் செல்ல முடியாது. உரிமம் பெற்ற பராமரிப்பு நிலையங்களின் கட்டணம், 2022ஆம் ஆண்டில் மத்திய அரசுடன் ஒன்ராறியோ செய்த உடன்பாட்டின் பின் வெகுவாகக் குறைந்தது மெய்யே. ஆனால் அவை நாள்தோறும் செல்லும் பிள்ளைக்கானவை. செவ்வாய்க்கிழமை காலை இரண்டு மணித்தியாலம் மட்டும் வேண்டும் என்பவருக்கு அங்கே கதவு திறப்பதில்லை.

ஊரில் இதற்கு எவரும் சட்டம் இயற்றவில்லை. கிடுகு வேலியிலே ஒரு பொட்டு இருந்தது. எனக்கு எட்டு வயதிருக்கும்போது, அம்மாவை யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றார்கள். நானும் தம்பியும் அந்தப் பொட்டால் நுழைந்து அயல்வீட்டு மாமியின் அடுக்களைக்குப் போனோம். ஒன்பது நாள்கள் அங்கேயே உண்டோம், உறங்கினோம். எவரும் எவரிடமும் உதவி கேட்டதாக எனக்கு நினைவில்லை. அதே வேலியால் எல்லைச் சண்டைகளும் உண்டாகி, வழக்கு மன்று வரை சென்றதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் வழக்கு நடந்த காலத்திலும் பொட்டு அடைபடவில்லை.

இங்கே வேலி இல்லை. நீண்ட நடையும், இருமருங்கும் மூடிய கதவுகளும் உள்ளன. பொட்டை நாமே இட்டாக வேண்டும். ஒரே கட்டடத்தில் அல்லது அடுத்தடுத்த வீடுகளில் உள்ள மூன்று குடும்பங்கள் சேர்ந்தாலே போதும். அவர்களுக்காகச் சில குறிப்புகள்:

முதலாவது, பிள்ளையை ஏற்பவர், “எந்த வைத்தியரிடம்? என்ன வருத்தம்?” என்று கேட்கலாகாது. எம் பெண்கள் பலர் அயலவரிடம் பிள்ளையை விடத் தயங்குவதற்குக் காரணம், தாம் மனநல வைத்தியரிடம் செல்வது ஊர்வாயில் விழுந்துவிடும் என்ற அச்சமே. இந்த ஒரு வினாவை நாம் விட்டுவிட்டாற் பாதிக் கதவுகள் திறக்கும்.

இரண்டாவது, தெரிந்தவர் என்பது மட்டும் போதாது. அவர் வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்பதை அறிந்துகொள்ளுங்கள். முதலில் அரை மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். பிள்ளை மீண்டும் அங்கே செல்ல மறுத்தால், அம்மறுப்பைச் சாதாரணமாகத் தள்ளிவிடாதீர்கள்.

மூன்றாவது, ஒரு தாளில் உங்கள் தொலைபேசி இலக்கம், திரும்பும் நேரம், பிள்ளைக்கு ஒவ்வாத உணவு, கொடுக்க வேண்டிய மருந்து, பிள்ளையின் சுகாதார அட்டை இலக்கம் என்பவற்றை எழுதிக் கொடுங்கள். உங்களைத் தவிர வேறு எவரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம் என்பதையும் எழுதுங்கள்.

நான்காவது, சட்டத்தை அறிந்திருங்கள். உரிமம் இன்றி வீட்டிற் பிள்ளை பராமரிப்பவர், 13 வயதுக்குட்பட்ட ஐவருக்கு மேல் வைத்திருத்தல் ஒன்ராறியோவிற் குற்றம். அவர்களுள் இரண்டு வயதுக்குட்பட்டோர் மூவருக்கு மேற்படலாகாது. பராமரிப்பவரின் சொந்தப் பிள்ளைகளில் நான்கு வயதுக்குட்பட்டோரும் இக்கணக்கிற் சேர்வர். எத்தனை வயதிற் பிள்ளையைத் தனியே விடலாம் என்று பலர் கேட்கிறார்கள். அதற்குச் சட்டம் ஒரு வயதைக் குறிக்கவில்லை. ஆனால் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சூழ்நிலைக்கேற்ற தகுந்த மேற்பார்வை இருத்தல் வேண்டும் என்கிறது. எட்டு வயது அக்காவிடம் கைக்குழந்தையை ஒப்படைத்துச் செல்வதை எவரும் தகுந்த ஏற்பாடு என்று கொள்ளார்.

ஐந்தாவது, திகதி பெறும்போதே வாய் திறந்து கேளுங்கள்: பள்ளி நேரத்தில் தர இயலுமா? தமிழ் மொழிபெயர்ப்பாளர் வருவாரா? பத்து வயது மகளை மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்வதைத் தயவுசெய்து தவிருங்கள். தாயின் கர்ப்பப்பை பற்றியும், தந்தையின் கனவுகள் பற்றியும் பேசுவது பிள்ளைக்குரிய பணியன்று. செல்ல இயலாதெனில் முந்திய நாளே அறிவியுங்கள். 24 மணித்தியாலத்துக்கு முன் அறிவியாது தவறும் சந்திப்புக்கு வைத்தியர் கட்டணம் கேட்க இங்கே இடமுண்டு.

எம் பொது அமைப்புகளிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. ஸ்காபரோவின் வடகிழக்கிலே, எமக்கு அண்மையில், ஸ்ரெயின்ஸ் வீதியில் அமைக்கத் திட்டமிடப்பட்ட தமிழ்ச் சமூக மையத்துக்கு 2021ஆம் ஆண்டில் மத்திய, மாகாண அரசுகள் நிதி அறிவித்தன. அரங்கும் நூலகமும் விளையாட்டு மைதானமும் வேண்டியவையே. அவற்றோடு, வைத்தியரிடம் செல்லும் தாய் தன் பிள்ளையை இரண்டு மணித்தியாலம் நம்பி விடக்கூடிய ஓர் அறையும், அங்கே பயிற்சி பெற்ற இருவரும் வேண்டும் என்று இப்பொழுதே கேட்போம். ஓய்வுபெற்ற ஆசிரியைகளுக்கும் தாதியருக்கும் எம்மிடையே பஞ்சமில்லை.

அந்த இளந்தாய்க்கு நான்காவது திகதி கிடைத்தது. அன்று காலை இரு பிள்ளைகளும் என் வீட்டிலிருந்தார்கள். சின்னவள் அரை மணித்தியாலம் அழுது, பின் என் தோளிலேயே உறங்கிப்போனாள். மூத்தவன் என் பழைய சுண்ணக்கட்டிப் பெட்டியைக் கண்டெடுத்து, மேசைக்குக் கீழே அமர்ந்து பஸ் ஒன்றை வரைந்து முடித்தான். தாய் வர நேரமாயிற்று. வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்; ஒன்றும் கேட்கவில்லை. புறப்படும்போது வாயிலில் நின்று, “ரீச்சர், இண்டைக்குச் சொன்னனான்” என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் பிள்ளைகள் வருவார்கள். எனக்கு முழங்கால் வைத்தியரிடம் செல்ல வேண்டிய நாளில், என்னுடன் பஸ்ஸில் வருவதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.