மெத்தடோன் எடுப்பவருக்கு மதுவும் வேண்டாம், மௌனமும் வேண்டாம்



ஹெரோயின் பழக்கத்திலிருந்து மீள, நம் நாட்டில் 2005 முதல் அரசாங்கம் மெத்தடோன் சிகிச்சை தருகிறது. போதையை விட்டவர் மனவேதனையில் சம்சுவைத் தொட்டால் என்ன ஆகும்? இரண்டும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடலாம். எழுப்பியும் எழாவிட்டால் உடனே 999-ஐ அழையுங்கள்.

உங்கள் மகனோ கணவரோ குடிப்பதைக் கிளினிக்கில் மறைக்காதீர்கள். நள்ளிரவில் மனம் உடைந்தால் கைத்தொலைபேசியை எடுங்கள். பிஃப்ரெண்டர்ஸ் (03-76272929) 24 மணி நேரமும் காது கொடுக்கும். தற்கொலை முயற்சி 2023 முதல் குற்றமல்ல. போலீசுக்குப் பயப்படத் தேவையில்லை.

தொலைபேசி மருந்துக்கு மாற்று அல்ல, துணை. அரசாங்கம் கொண்டுவரும் ஒவ்வொரு மனநலச் செயலியிலும் அந்தத் துணை தமிழிலும் இருக்க வேண்டும். வேதனையைத் தாய்மொழியில் சொல்வது சலுகையல்ல, உரிமை. சேர்ந்து கேட்போம்!