நூலும் கல்லும் முதலில், திரை அப்புறம்

கொஞ்சம் நீளமான பதிவு. உங்களில் ஆசிரியராக இருப்பவர்களும், பள்ளிக்குப் போகும் பிள்ளை உள்ளவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

இப்போது அறிவியல் பாடத்துக்குள் கணினி சிமுலேஷன் வந்துவிட்டது. பாடநூலில் 'இணையச் செயல்பாடு' என்று போட்டிருக்கும் இடத்தில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால், நாம் நூலில் கட்டி ஆட்டியதெல்லாம் திரையில் ஆடுகிறது. நல்ல விஷயம்தான். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' திட்டம் இவற்றை இலவசமாகவே தருகிறது. அதில் தனி ஊசலை நிலாவுக்குக் கொண்டுபோகலாம். இங்கே ஒரு முறை ஆடிவர 2 விநாடி எடுக்கும் 1 மீட்டர் ஊசல், அங்கே கிட்டத்தட்ட 5 விநாடி எடுக்கும். நான் எத்தனை சாக்பீஸ் தேய்த்தாலும் இதைக் காட்டியிருக்க முடியாது.

என் வருத்தம் வேறு. சில பள்ளிகளில் திரையில் காட்டியதோடு பாடம் முடிந்துவிடுகிறது. 'ஊசல் பார்த்தோம் தாத்தா' என்கிறாள் பேத்தி. 'செய்தோம்' என்று அவள் சொல்லவில்லை.

திரையில் வகுப்புக்கே ஒரே விடை. நூலில் கல்லைக் கட்டி, ஐந்து குழுவாகப் பிரித்து 20 அலைவுகளை எண்ணச் சொல்லுங்கள். ஐந்து விடை வரும். ஒருத்தி கல்லின் நடுவரை அளக்காமல் முடிச்சோடு நிறுத்தியிருப்பாள். ஒருவன் கையை விட்டவுடனே 'ஒன்று' என்று எண்ணியிருப்பான், 40 விநாடி வரவேண்டிய இடத்தில் 38 வரும். (இந்த 'ஒன்று' தகராறு உங்கள் வகுப்பிலும் நடந்தது, ஞாபகம் இருக்கிறதா?) ஏன் வித்தியாசம் என்று அவர்கள் சண்டை போடும் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் இப்போது பறிகொடுக்கிறோம்.

சிமுலேஷன் செய்த பெரியவர்களும் இப்படித்தான் கற்றார்கள். 1961இல் எம்.ஐ.டி.யில் எட்வர்ட் லோரன்ஸ் என்ற வானிலை அறிஞர் ஒரு வானிலைக் கணக்கைக் கணினியில் இரண்டாம் முறை ஓட்டினார். 0.506127 என்பதற்குப் பதிலாக, தாளில் அச்சாகியிருந்த 0.506ஐக் கொடுத்தார். கொஞ்ச நேரம் இரண்டும் ஒன்றாகவே போயின. பிறகு முற்றிலும் வேறு வேறு வானிலை! இயந்திரம் கெட்டுவிட்டதோ என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார். ஆனாலும் வித்தியாசத்தை ஒதுக்கித் தள்ளவில்லை, காரணத்தைத் தேடிப் போனார். தொடக்க எண்களைச் சற்றே மாற்றி மாற்றி வானிலை மையங்கள் இன்று பல முறை ஓட்டிப் பார்ப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது.

ஆகவே ஆசிரியப் பிள்ளைகளே, முதல் பீரியடில் நூலும் கல்லும், அடுத்த பீரியடில் திரை. திரையில் உராய்வை அடியோடு எடுத்துவிட்டு, 'நம் கல் நின்றுவிட்டது, இது ஏன் நிற்கவில்லை?' என்று கேளுங்கள். இதைத் தயாரித்தவர் எதை விட்டுவிட்டார் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

வீட்டில் செய்பவர்களுக்குப் பழைய பூட்டும் செல்பேசியில் உள்ள ஸ்டாப்வாட்ச்சும் போதும். 20 அலைவுக்கு எத்தனை விநாடி வந்தது என்று எனக்குச் சொல்லுங்கள். 38 வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.