சமாதானப் பேச்சு போதாது, பாதுகாப்பு வேண்டும்!

அடிபட்ட பெண் ஒருத்தி போலீஸ் ஸ்டேஷன் படியேறினால் பெரும்பாலும் அவளுக்கு முதலில் கிடைப்பது என்ன? புத்திமதி! "குடும்பமென்றால் நாலும் இருக்கும், அனுசரித்துப் போ அம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் போனால், "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று பழமொழி சொல்கிறார்கள். இப்போது இதற்கே 'கவுன்சிலிங்' என்று பெயர் சூட்டி, சமூக சேவைக் கணக்கிலும் எழுதிக்கொள்கிறார்கள்.

தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21இல் நடந்தது. மணமான பெண்களில் பத்துக்கு மூவர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று அது கூறுகிறது. உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி நாடியவர்கள் 14 சதவீதம்தான். 77 சதவீதம் பேர் யாரிடமும் வாய் திறக்கவே இல்லை. ஏன்? வாய் திறந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதை அவர்கள் கண்ணால் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்!

சட்டம் இல்லாமல் இல்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. பாதுகாப்பு அதிகாரி, தங்கும் விடுதி, வைத்தியம், இலவசச் சட்ட உதவி, ஜீவனாம்சம் எல்லாம் அதில் உண்டு. வீட்டை விட்டு வெளியேற வேண்டியவள் அவளல்ல. தேவைப்பட்டால் கணவனையே வெளியேறச் சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. மனு வந்து சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இந்த உரிமைகளை அவளுக்கு எடுத்துச் சொல்வது போலீஸ் அதிகாரியின் கடமை என்று ஐந்தாவது பிரிவு கூறுகிறது. புத்திமதி சொல்லி அனுப்பு என்று எந்தப் பிரிவும் கூறவில்லை!

காரைக்கால் பெண்ணுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கிழக்கே கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. யூனியன் பிரதேசத்தின் தலைநகரான புதுச்சேரியோ சுமார் 130 கிலோமீட்டருக்கு அப்பால். வாஞ்சூர் தாண்டினால் வேறு போலீஸ், வேறு சர்க்கார். நாகூரில் பிறந்து காரைக்காலுக்கு வாழ்க்கைப்பட்ட பெண், அடிபட்டுத் தாய் வீட்டுக்குப் போனால் எங்கே புகார் கொடுப்பாள்? "இது எங்கள் எல்லை இல்லை" என்று சொல்லி அவளைப் பந்தாட யாருக்கும் உரிமை கிடையாது. அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம் என்கிறது 2005 சட்டம். 2024 ஜூலை 1இல் அமலான புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது.

உதவி தர்மமாக வந்தால் என்ன ஆகும், உரிமையாக வந்தால் என்ன ஆகும் என்பதையும் காரைக்கால் கண்டிருக்கிறது. 2012 நவம்பரில், தீபாவளிக்கு ஊருக்கு வந்து சென்னைக்குத் திரும்பப் புறப்பட்ட இளம் என்ஜினீயர் பெண்ணின் மீது, காதலை மறுத்தாள் என்பதற்காக ஒருவன் ஆசிட் வீசினான். சாதாரணக் குடும்பம் அது. வைத்தியச் செலவுக்கு ஊராரின் நன்கொடையை நம்ப வேண்டியிருந்தது. மூன்று மாதம் போராடி 2013 பிப்ரவரியில் அவள் மாண்டாள். குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. நன்கொடை கொடுத்த கைகளை வணங்குகிறோம். ஆனால் உயிருக்குப் போராடும் மகளை வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் கையேந்த நேர்ந்ததே, அது யாருக்கு வெட்கம்? 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட், ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களுக்குக் குறைந்தது 3 லட்ச ரூபாய், அதில் ஒரு லட்சம் 15 நாளுக்குள் என்று உத்தரவிட்டது. பிச்சையாகக் கேட்டது உரிமையாக மாறியது. ஆனால் அவளுக்கு அது காலம் கடந்த உத்தரவு!

"இதற்கெல்லாம் பணம் ஏது?" என்று கேட்பவர்கள் கலால் வரிக் கணக்கைப் புரட்டிப் பார்க்கட்டும். சாராயமும் மதுவும் புதுச்சேரி கஜானாவுக்குக் கொட்டிக் கொடுக்கின்றன. குடிப்பதற்கென்றே தமிழ்நாட்டிலிருந்து காரைக்காலுக்கு ஆள் வருகிறது. குடிக்காதவனும் மனைவியை அடிக்கிறான், உண்மைதான். ஆனால் நடவு நட்டும் மீன் கூடை சுமந்தும் பெண் கொண்டுவரும் கூலி கடைக்குப் போகிற வீட்டில், அடியும் பசியும் சேர்ந்தே வருகின்றன. அந்த வருமானத்தில் ஒரு பங்கை அந்த வீட்டுப் பெண்ணின் பாதுகாப்புக்கு ஒதுக்கு என்று கேட்பது நியாயமா, இல்லையா?

சட்டம் நிறைவேறி ஏறக்குறைய இருபது ஆண்டு ஆன பிறகு, 2025 மே மாதத்தில், பாதுகாப்பு அதிகாரிகளை மாவட்டம், தாலுகா தோறும் நியமியுங்கள் என்று மாநில, யூனியன் பிரதேச சர்க்கார்களுக்கு சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டியிருந்தது. இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

ஆகவே நாம் வற்புறுத்துவது இவை:

வேறு வேலை எதுவும் சுமத்தப்படாத முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும். அவருடைய பெயரும் டெலிபோன் நம்பரும் காரைக்கால் நகரிலும், திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் கொம்யூன்களிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதப்பட வேண்டும்.

குழந்தைகளோடு வரும் தாய்க்கு நள்ளிரவிலும் கதவு திறக்கும் விடுதி காரைக்காலிலேயே இயங்க வேண்டும்.

சமூக சேவை ஊழியர்களுக்கு நிரந்தர வேலையும் முழுச் சம்பளமும் வேண்டும். நாளை வேலை இருக்குமா என்று அஞ்சுகிறவர் அடுத்தவரின் அச்சத்தை எப்படிப் போக்குவார்?

நாகை, மயிலாடுதுறை மாவட்ட அதிகாரிகளோடு சேர்ந்து எல்லைத் தகராறு இல்லாத ஏற்பாடு வேண்டும்.

பெண்ணின் பாதுகாப்பு உறுதியாகும் முன் சமாதானப் பேச்சு கூடாது.

இதனால் குடும்பம் உடையும் என்று சிலர் கூக்குரலிடுவார்கள். குடும்பத்தை உடைப்பது ஓங்கிய கை. அதைத் தடுக்கும் சட்டமல்ல.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த வீட்டில் அலறல் கேட்டால் "நமக்கென்ன" என்று கதவைச் சாத்தாதீர்கள். யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அதிகாரிக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு எதுவும் வராது என்று சட்டமே உறுதி கூறுகிறது. பெண்களுக்கான உதவி எண் 181. அதைக் குறித்து வையுங்கள், பத்துப் பெண்களிடம் சொல்லுங்கள். அதிகாரி வராவிட்டால், அந்தப் பத்துப் பேரும் சேர்ந்து போய் ஏன் வரவில்லை என்று கேளுங்கள்!