திங்கட்கிழமை வராத பிள்ளை

தோழர்களே, தரம் மூன்றில் திங்கட்கிழமை கடன் வாங்கிக் கழித்தல் தொடங்குகிறோம். செவ்வாய், பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை அவிழ்த்துப் பழகுகிறார்கள். வெள்ளிக்குள் கை வந்துவிடும். நம் சம்பளச் சீட்டில் பிடித்த காசைச் சரிபார்க்கிற கணக்கும் இதுதான்! முதல் இரண்டு நாளும் தம்பியைப் பார்க்க லயத்தில் நின்ற பிள்ளைக்குப் புதன்கிழமை எதுவும் விளங்காது. பெரும்பாலும் அது மூத்த பெண்பிள்ளை.

இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதோ 1970களில். இன்னும் காத்திருக்க முடியாது. பிள்ளைக் காம்பராவைப் பிரட்டுக்கு முன்பே திறக்கும்படி ஹல்துமுல்லைத் தோட்டக் கமிட்டிகள் இம்மாதமே நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். அதுவரை கைக்குழந்தையை வேலைவிட்ட பாட்டிமாரிடம் விட்டு, மூத்தவளைத் திங்கட்கிழமையே அனுப்பி வையுங்கள்.