இழுத்துச் செல்பவருக்கும் பொறுப்பு உண்டு

பள்ளி விடும் நேரத்தில் நம் ஊர்ப்புறச் சாலைகளில் பயணம் செய்யும் எவரும் இக்காட்சியைக் கண்டிருப்பர். கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டரின் டிரெய்லரை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மறு கையால் மிதிவண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி, மிதிக்காமலே செல்கிறான் ஒரு மாணவன். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். சற்றுத் தொலைவில், மோட்டார் சைக்கிளில் செல்லும் அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு மூன்றாமவன். பார்ப்பவர்களுள் சிலர் சிரிக்கின்றனர். சிலர், 'விழுந்தால்தான் புத்தி வரும்' என்று சொல்லிவிட்டுக் கடந்து செல்கின்றனர்.

அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர் என்ற முறையில் அந்தச் சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. விழுந்த பிறகு புத்தி வரவேண்டுமானால், விழுந்ததில் மூளை பழுதுபடாமல் இருந்திருக்க வேண்டும். அதற்கு யாரும் உறுதி தர முடியாது.

இப்பழக்கத்தைப் பிள்ளைகளின் குறும்பு என்று மட்டுமே நாம் கருதி வருகிறோம். அறிவுரையையும் அவர்களுக்கு மட்டுமே சொல்லி வருகிறோம். என் கருத்து வேறு. ஒரு மிதிவண்டி இழுக்கப்படுவதற்கு இருவர் வேண்டும். பிடிப்பவன் பெரும்பாலும் சிறுவன். இழுத்துச் செல்பவரோ பெரும்பாலும் வளர்ந்தவர், ஓட்டுநர் உரிமம் பெற்றவர். ஆகவே பொறுப்பின் பெரும்பங்கு அவரைச் சேரும். அடுத்த பங்கு, வீட்டில் இருக்கும் பெரியவர்களைச் சேரும்.

முதலில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்வோம். மிதிவண்டி தானாக நிமிர்ந்து நிற்பதில்லை. அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கைப்பிடியைச் சிறிது திருப்பித் திருப்பியே நாம் அதை நிமிர்த்துகிறோம். பழகியவர்கள் இதை அறியாமலே செய்கின்றனர். ஒரு கை லாரியைப் பற்றியவுடன் இந்த ஏற்பாடு குலைந்துவிடுகிறது. மேலுடல் லாரியோடு செல்கிறது. கீழே சக்கரம் சாலையோடு செல்கிறது. ஒரு சிறு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கினால் ஒற்றைக் கையால் அதை நேராக்க முடியாது. இரு பிரேக்குகளில் ஒன்று மட்டுமே கைக்கு எட்டும். டிரெய்லரின் பின்புறத்தைப் பிடித்துச் செல்பவனுக்கு எதிரே உள்ள வேகத்தடையும் தெரியாது. வண்டி திடீரென்று நின்றால் முகம் நேராகப் பின்கதவில் மோதும்.

அடுத்தது வேகம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்துச் செல்லும் ஒருவன், 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரியைப் பிடித்தால், மோதலின்போது உடல் தாங்க வேண்டிய ஆற்றல் 7 மடங்காகிறது. இதை வேறு விதமாகவும் சொல்லலாம். 15 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மரத்தில் மோதுவது, ஏறத்தாழச் சமையல் மேடையின் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதோ, சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மாடி வீட்டின் மொட்டை மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் பிள்ளை ஏறி நின்றால் பதறி ஓடுகிறோம். அதே உயரத்துக்கு ஒப்பான ஆபத்தைச் சாலையில் கண்டால் சிரிக்கிறோம்.

மூன்றாவது, வண்டியின் சக்கரங்கள். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்புறம் அமர்கிறார். மிதிவண்டி இடப்புறம் செல்கிறது. லாரியின் இடப்பக்கத்தை ஒட்டியிருக்கும் சிறுவன் பல நேரங்களில் ஓட்டுநரின் கண்ணுக்குத் தென்படுவதே இல்லை. நீளமான வண்டி இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வருவதில்லை. உட்புறமாக ஒதுங்கி, சாலையோரத்தை நெருங்கி வருகின்றன. அந்த இடத்தில்தான் சிறுவன் இருக்கிறான். அவனுக்கு இடப்புறத்திலோ, தார் முடிந்து மண் தொடங்கும் இடத்துப் பள்ளம், நிறுத்தி வைக்கப்பட்ட வண்டி, மின்கம்பம் என ஏதேனும் ஒன்று இருக்கும். ஒதுங்க வழியில்லை.

இவ்வாறு நேரும் காயங்கள் சாதாரண மிதிவண்டி விழுகைகளைப் போன்றவை அல்ல. சக்கரம் ஏறிய காலில் தோலும் அதன் கீழுள்ள கொழுப்பும் தசையிலிருந்து உரிந்துவிடும். இடுப்பெலும்பு முறிந்தால் வெளியே ஒரு துளி இரத்தமும் தெரியாமல் உடலுக்குள்ளேயே உயிருக்கு ஆபத்தான அளவு இரத்தம் கசியக்கூடும். பிடித்திருந்த கை திடீரென இழுபட்டால் தோள்மூட்டு விலகும்; கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புத் தொகுதி கடுமையாக இழுபட்டால் அந்தக் கை நிரந்தரமாகச் செயலிழக்கவும் கூடும்.

'நாங்களும் அந்த வயதில் செய்தவர்கள்தாம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்று பெரியவர்கள் சிலர் சொல்வதுண்டு. ஒன்றும் ஆகாதவர்களே இதைச் சொல்ல முடியும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அன்றைய சாலையும் அன்றைய வாகன வேகமும் இன்று இல்லை. மாட்டுவண்டியின் பின்னால் தொற்றிச் சென்ற அனுபவத்தை நான்குவழிச் சாலைக்குப் பொருத்திப் பார்ப்பது சரியன்று.

பிள்ளைகள் ஏன் இதைச் செய்கின்றனர் என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். துணிச்சலைக் காட்டும் ஆசை ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டுமே காரணம் அன்று. பள்ளி ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. முதுகில் புத்தகப் பை, எதிர்க்காற்று, மாலையில் பசி. பேருந்து நேரம் பள்ளி நேரத்தோடு பொருந்தாத ஊர்கள் பல. அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி எத்தனையோ பிள்ளைகளின் மேல்நிலைப் படிப்பைக் காத்திருக்கிறது. ஆயினும் அது உறுதியும் கனமும் உள்ள வண்டி. பராமரிக்காவிட்டால் மிதிப்பது கடினம். களைத்த பிள்ளைக்கு மெதுவாகச் செல்லும் டிராக்டர் ஒரு வரமாகத் தெரிவதில் வியப்பில்லை. இரவுப் பணி முடித்து மிதிவண்டியில் திரும்பும் தொழிலாளர்கள் சிலரும் இதே களைப்பினால் இதையே செய்கின்றனர்.

களைப்பு உண்மையானது என்பதால்தான், பொறுப்பு பெரியவர்களுடையது என்கிறேன். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் படிக்கட்டுப் பயணத்தைப் பற்றிய 123ஆம் பிரிவு கவனிக்கத்தக்கது. வண்டியின் உட்பகுதிக்கு வெளியே எவரையும் ஏற்றிச் செல்லவோ, அவ்வாறு செல்ல அனுமதிக்கவோ கூடாது என்று அது முதலில் ஓட்டுநருக்கே கட்டளையிடுகிறது. பயணிக்கு உரிய தடை அதற்கு அடுத்தே வருகிறது. பிரிட்டனில் அதே 1988ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டம், இழுத்துச் செல்லப்படுவதற்காக ஓடும் வாகனத்தைப் பிடிப்பதையே குற்றமாக்கியிருக்கிறது.

மிதிவண்டிப் பந்தய உலகிலிருந்தும் ஒரு சான்று உண்டு. 2014ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் வென்ற இத்தாலிய வீரர் வின்சென்சோ நிபாலி, மறு ஆண்டு ஸ்பெயின் நாட்டின் வுவெல்டா பந்தயத்தில் தம் அணியின் காரைப் பிடித்துச் சென்றதற்காக வெளியேற்றப்பட்டார். அவருடன் அணியின் இயக்குநர் ஒருவரும் வெளியேற்றப்பட்டார். அங்கே கருதப்பட்டது போட்டியின் நேர்மை. எனினும் பிடித்தவர் மட்டுமன்றி, பிடிக்க இடம் கொடுத்த தரப்பும் தண்டனை பெற்றது என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

இந்த இதழை வாசிப்போருள் லாரி, டிராக்டர், வேன் ஓட்டுவோரும் அவர்கள் குடும்பத்தினரும் உண்டு. அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வண்டியை ஒருவன் பிடித்திருப்பதைக் கண்டால் கத்தவோ, வண்டியை வளைத்து ஓட்டி உதறவோ, சட்டென்று பிரேக் போடவோ வேண்டாம். அவனை வீழ்த்துவது அவைதாம். வண்டியை நேராகவே வைத்துக்கொண்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, படிப்படியாக வேகத்தைக் குறையுங்கள். அகலமான இடத்தில் நிறுத்தி, உடன் வருபவரை இறக்கி, இரண்டு சொல் சொல்லி அனுப்புங்கள். ஐந்து நிமிடம் தாமதமாகும், அவ்வளவே. கண்டும் காணாததுபோல் ஓட்டிச் செல்வது இரக்கம் ஆகாது.

இருசக்கர வாகனம் ஓட்டும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். தம்பி களைத்திருக்கிறான் என்று தோளைக் கொடுப்பதும், பெட்ரோல் தீர்ந்த நண்பனின் வண்டியைக் காலால் உதைத்துத் தள்ளிச் செல்வதும் உதவி என்றே கருதப்படுகின்றன. இரண்டு கைப்பிடிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால் இருவருமே விழுவர். பார்க்கும் சிறுவர்களும் அதைக் கற்றுக்கொள்கின்றனர்.

இனி வீட்டின் பங்கு. எங்கள் பிரிவில் நாங்கள் மிகவும் அஞ்சுவது, மறைக்கப்பட்ட விழுகையை. தடுக்கப்பட்ட ஒன்றைச் செய்து விழுந்த பிள்ளை, அடிக்கு அஞ்சி, 'பள்ளியில் தடுக்கி விழுந்தேன்' என்கிறான்; அல்லது ஒன்றுமே சொல்வதில்லை. மிதிவண்டிக் கைப்பிடியின் முனை வயிற்றில் குத்தினால் வெளியே ஒரு சிறு வட்டத் தடம் மட்டுமே தெரியும். உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கணையமோ சிறுகுடலோ காயப்பட்டிருக்கலாம். அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தோ, மறுநாளோகூட வெளிப்படலாம். அதற்குள் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து வழித்துவிட்டால் நிலைமை மோசமாகும்.

ஆகவே, மிதிவண்டியில் சென்று வரும் பிள்ளைக்கு வயிற்றுவலி, வாந்தி, இடத் தோள்பட்டையில் காரணமற்ற வலி, சிறுநீரில் சிவப்பு நிறம், மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் 'விழுந்தாயா?' என்று கேளுங்கள். கூடிக்கொண்டே போகும் தலைவலி, தொடர்ந்த வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், குழப்பமான பேச்சு, வலிப்பு, காதிலோ மூக்கிலோ நீர் அல்லது இரத்தம் வடிதல் ஆகியவை தலைக்காயத்தின் அறிகுறிகள். இவற்றுள் எதுவும் காலை வரை காத்திருக்கக் கூடியதன்று. மருத்துவமனையில் விழுந்த விதத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள். எந்த வேகத்தில், எதன் மீது, எப்படி விழுந்தான் என்பதைக் கொண்டே எந்த உறுப்பை முதலில் சோதிப்பது என்று நாங்கள் முடிவு செய்கிறோம். 'என்ன நடந்தாலும் சொல்; முதலில் மருத்துவம், பேச்செல்லாம் பிறகு' என்ற உறுதியைப் பிள்ளைக்கு முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்.

களைப்பைக் குறைக்கவும் வழி உண்டு. காற்றுக் குறைந்த டயர், எண்ணெய் காணாத சங்கிலி, உயரம் குறைந்த இருக்கை ஆகிய மூன்றும் மிதிப்பதை இருமடங்கு சிரமமாக்குவதுபோல் தோன்றச் செய்யும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சிறிதே மடங்கியிருக்கும் அளவுக்கு இருக்கையை உயர்த்துங்கள். வாரம் ஒரு முறை காற்றும் பிரேக்கும் பாருங்கள். மாலையில் உண்ண இரண்டு வாழைப்பழமோ கடலை உருண்டையோ பையில் இருக்கட்டும். ஒரே வழியில் செல்லும் பிள்ளைகள் கூட்டாகச் செல்லட்டும். பேருந்து நேரத்தை மாற்றக் கோரும் மனுவைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் வழியாக அனுப்பலாம்.

விபத்து நேர்ந்துவிட்டால் கை, கால்களைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் போட வேண்டாம். கழுத்து அசையாமல் வைத்து, இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, 108ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் நேரும் சாலை விபத்துகளுக்கு, 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. செலவுக்கு அஞ்சித் தயங்க வேண்டியதில்லை.

அடுத்த முறை ஒரு சிறுவன் லாரியைப் பற்றிச் செல்வதைக் கண்டால் அவனைத் திட்டுவதற்கு முன் ஓட்டுநருக்குச் சைகை காட்டுங்கள். ஊரில் தெரிந்த ஓட்டுநராயின் மறுநாள் நேரில் பேசுங்கள். பிள்ளைகள் கேட்காமல் போகலாம். வண்டியின் வேகத்தைக் குறைக்கும் பெரியவர் ஒருவர் கேட்டாலே போதும், அன்றைக்கு அந்தப் பிள்ளை முழுதாக வீடு சேர்ந்துவிடுவான்.