என்ன வருத்தம்?



டொக்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "என்ன வருத்தம்?" தமிழ்நாட்டில் இருந்து வந்தவருக்கு இந்தக் கேள்வி சரியாக விளங்காது. அவருக்கு வருத்தம் என்றால் கவலை, நமக்கு நோய். சீனி வருத்தம், நெஞ்சு வருத்தம் என்று தாராளமாகச் சொல்லுவோம். அந்தச் சொல்லுக்கு இருக்கிற மற்ற அர்த்தத்தை மட்டும் டொக்டரிடமும் சொல்வதில்லை, வீட்டிலும் சொல்வதில்லை.

கொலன்னாவையில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் இருப்பது சரியில்லை என்று நாங்கள் நினைக்கிறோம். 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நாட்கணக்கில் தண்ணீருக்குள் நின்றன. அடுத்த வருடம் ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்றே மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு களனி கங்கை திரும்பவும் வீட்டுக்குள் வந்தது. பத்து வருடத்துக்குள் இத்தனை. இடையில் வந்த சின்ன வெள்ளங்களை நாங்கள் கணக்கிலும் எடுப்பதில்லை.

ஒவ்வொரு முறையும் ஊர் சும்மா இருக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். பள்ளிவாசல் கதவு திறந்தது, சமைத்த சாப்பாடு யார் எவர் என்று பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் போனது, வாலிபர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று வேலை செய்தார்கள். பிறகு பட்டியல் போட்டோம். மெத்தை, கேஸ் அடுப்பு, பாடசாலைக் கொப்பி, சப்பாத்து. அந்தப் பட்டியலில் "நித்திரை இல்லை" என்று எழுத ஒரு இடம் இருக்கவில்லை.

அது வேறு வழியால் எங்களிடம் வருகிறது. வானம் இருட்டிக்கொண்டு வந்தால் வகுப்பில் சில பிள்ளைகளுக்கு வயிறு வலிக்கும். "டீச்சர், உம்மாவுக்கு கோல் எடுங்க" என்பார்கள். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது மருந்தை விட, வீட்டு வாசலில் தண்ணீர் இல்லை என்ற செய்தி. தாய்மாரைக் கேட்டால் தலைப்பாரம், நெஞ்சு படபடப்பு, கை கால் விறைப்பு. இரவில் மழை பெய்தால் போனைக் கையில் வைத்துக்கொண்டு நாகலகம் வீதியில் கங்கை எத்தனை அடி என்று பார்த்தபடியே சுபஹ் வரைக்கும் இருக்கிறார்கள். காலையில் இரண்டு பனடோல், பிறகு வழமையான வேலை.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பயம் வந்தால் உடம்பு ஓடுவதற்கு ஆயத்தமாகிறது. அட்ரினலினும் கோர்ட்டிசோலும் சுரக்கின்றன, ஈரல் சீனியை இரத்தத்துக்குள் விடுகிறது, நெஞ்சு வேகமாக அடிக்கிறது, பிரஷர் ஏறுகிறது. ஆபத்து முடிந்ததும் எல்லாம் அடங்க வேண்டும். மாதக்கணக்கில் அடங்காவிட்டால்? கிளினிக்கில் சீனியும் பிரஷரும் கூடியிருக்கும், குளிசையும் கூடும். "சோற்றைக் குறையுங்க" என்பார்கள். அதுவும் தேவைதான். ஆனால் சோறு மட்டும் காரணம் இல்லை. மறுபக்கமும் இருக்கிறது. வெள்ளத்தில் கிளினிக் கொப்பியும் மருந்தும் போய், இரண்டு கிழமை குளிசை இல்லாமல் இருக்கிற வாப்பா, சின்ன விசயத்துக்கும் பிள்ளையிடம் சீறி விழுகிறார். அதை அவருடைய குணம் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

ஒன்றைச் சொல்லவேண்டும். வயிற்று வலி என்றால் முதலில் வயிற்றைத்தான் பார்க்கவேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு வரும் காய்ச்சல் டெங்காக இருக்கலாம், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். "எல்லாம் மனசு" என்று ஒதுக்குவது, மனசே இல்லை என்பதைவிட ஆபத்து.

"ஈமான் பலமாக இருந்தால் இதெல்லாம் வராது" என்று சிலர் சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனாலும் எங்களால் ஏற்க முடியவில்லை. மகன் யூசுபை நினைத்துத் துக்கத்தில் யஃகூப் நபியின் கண்கள் வெளுத்துப்போனதைக் குர்ஆன் சொல்கிறது. ஒரு நபியின் ஈமானில் என்ன குறை? ரஸூலுல்லாஹ் பாதுகாப்புத் தேடிய துஆ ஒன்றில் கவலை, துக்கம், இயலாமை, கடன் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. வெள்ளம் வந்த வீட்டுக்குள்ளும் அவை அப்படித்தான் வருகின்றன. 934இல் வபாத்தான அபூ ஸைத் அல்பல்கி உடம்புக்கு ஒரு பாகம், உள்ளத்துக்கு ஒரு பாகம் என்று ஒரே நூலாக எழுதினார். வைத்தியர்கள் உடம்பை மட்டும் பார்க்கிறார்கள் என்ற குறை அவருக்கும் இருந்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்திய நம்முடைய ஆள்தான்.

ஆனால் எங்களுக்குப் பக்கத்தில் அங்கொடை இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லித்தான் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பகிடி பண்ணுகிறார்கள். பெரியவர்களிடம் கேட்டுப் பழகியதுதான். அதே அங்கொடையில் ஐ.டி.எச். ஆஸ்பத்திரியும் இருக்கிறது. கொரோனாக் காலத்தில் அதன் பெயர் கேட்டு நடுங்கினோம், பிறகு அங்கிருந்து சுகமாகி வந்தவர்களை மாலை போடாத குறையாக வரவேற்றோம். மனநல ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவரை மட்டும் இன்னும் அப்படி வரவேற்கவில்லை. அவருடைய தங்கைக்கு மாப்பிள்ளை பேசும்போது கூட அது வந்து நிற்கிறது.

பள்ளி நிர்வாகத்தாரிடம் எங்கள் வேண்டுகோள் பெரிதல்ல. அடுத்த நிவாரணப் பட்டியலில் இரண்டு கேள்விகளைக் கூட்டுங்கள்: வீட்டில் யாருடைய மருந்து தவறியிருக்கிறது, யார் தூங்குவதில்லை. பெண்களிடம் பெண்களே போய்க் கேட்கட்டும். போனவுடன் "ஸபர் செய்யுங்க" என்று தொடங்காமல் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். ஜும்ஆவில் ஒரு நாள் அங்கொடையின் பெயரை மரியாதையோடு சொல்லுங்கள். காலையில் பெண்கள் கூட்டமாக நடக்கப் போவதைப் பார்த்துச் சிரிக்கிற நானாமார் கொஞ்சம் நிறுத்தினால் நல்லது. நடை சீனிக்கும் நல்லது, நித்திரைக்கும் நல்லது.

பெற்றோருக்கு: மழை நாளில் பிள்ளையை அனுப்பும்போது, தண்ணீர் ஏறினால் யார் வந்து கூட்டிப்போவார், எங்கே போய் நிற்பீர்கள் என்பதை முதலிலேயே சொல்லி அனுப்புங்கள். தெரிந்த பிள்ளை பாடத்தில் இருக்கிறது, தெரியாத பிள்ளை ஜன்னலில் இருக்கிறது.

தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926, 24 மணி நேரமும் எடுக்கலாம். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள், கொப்பியைப் பொலித்தீன் பையில் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.